அம்மாவின் ஈரலும் நான் சொல்லாமல் விட்ட பாதியும்

மே 4, திங்கள்

மழை. விடியும்போது தொடங்கியது இன்னும் விடவில்லை. பாடசாலைச் சட்டையை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன். நாளைக்குப் புகை மணக்கும்.

அம்மாவுக்கு இன்று முதல் நாள். சோறு, ரொட்டி, சீனி, தேங்காய்ப்பால் எல்லாம் நிறுத்தம். கண்டி டொக்டர் சொன்னபடி:

கா – ஆடை எடுத்த பால், முட்டை வெள்ளை
ம – மரக்கறி சூப், அவித்த மீன் ஒரு துண்டு
இ – பருப்புத் தண்ணீர், கீரை
இடையில் – சீனி போடாத தேத்தண்ணீர், எவ்வளவும்

இரண்டு வாரத்தில் உடம்பு இளைக்கச் செய்யும் ஒபரேஷன், அது வரைக்கும் இப்படித்தான். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு மட்டும் விடுவார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு வாழைப்பழம் பிடிக்கவில்லை.

இந்தப் பட்டினி ஈரலுக்காக. அம்மாவின் ஈரலில் கொழுப்பு ஏறி, வீங்கி, வயிற்றின்மேல் படுத்துக் கிடக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியில் இருக்கும் வயிற்றை வெட்ட முடியும். கனத்துப் போயிருந்தால் தூக்கும்போதே கிழியும், இரத்தம் வரும். "சுருங்கவில்லை என்றால் பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிடுவேன்" என்றார் டொக்டர். இதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லாதது வேறு.

கிளினிக்கில் தமிழ் தெரிந்த நர்ஸ் அன்றைக்கு லீவு. அம்மாவின் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்க மட்டும் போதும். எனக்கு வகுப்பில் சிங்களத்துக்கு நல்ல புள்ளி. ஆகவே டொக்டர் என்னைப் பார்த்தே பேசினார். கொழுப்போடு தழும்பும் விழத் தொடங்கிவிட்டது என்றார். இப்படியே விட்டால் ஈரல் கல்லாகிவிடும். அந்த நிலைக்குப் போன பிறகு இந்த ஒபரேஷனையே செய்ய முடியாமல் போகலாம். ஒபரேஷனிலும் ஆபத்து உண்டு. வெட்டித் தைத்த இடம் கசியலாம். அபூர்வமாக ஆள் தவறுவதும் உண்டு.

நான் அம்மாவுக்குச் சொன்னது: "ஈரல்ல கொழுப்பாம்மா. ஒபரேஷன் செஞ்சா சரியாயிருமாம்."

"அம்புட்டு நேரம் பேசுனாங்களே, அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அப்பாவுக்கும் இதைத்தான் சொன்னேன். அப்பா தேயிலை ஸ்டோரில் இந்த வாரம் இரவு வேலை. அம்மா தூங்கிவிட்டார். விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். கேட்டால் பாடம்.

பயமாக இருக்கிறது. எழுதியாகிவிட்டது, போதும். ஈரல் சுருங்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

மே 6, புதன்

தூறல். கணக்கு டீச்சர் வரவில்லை. நல்லது.

பீலியில் தண்ணீருக்கு நின்றேன். முன்னால் இரண்டு அக்காமார். நான் பின்னால் நிற்பது தெரியாமல் பேச்சு.

"ஈரலாமே?"

"ஈரல் எதுக்குக் கெடும்? ஊத்துனாத்தான் கெடும்."

"ராணியக்காவுக்குச் சாராய வாடையே ஆகாதே."

"ஆகாதுன்னுதான் எல்லாரும் சொல்றது."

சிரிப்பு. குடத்தைச் சிமெந்தில் ஓங்கி வைத்தேன். திரும்பினார்கள். "ஆ, பாப்பா, ஸ்கூல் விட்டாச்சா?"

அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடித்ததெல்லாம் தேத்தண்ணீர், சீனி அள்ளிப் போட்டு. சாப்பிட்டது மாவு ரொட்டி, மலைபோல் சோறு. சீனி வியாதி வந்து வருஷமாகிறது. மலையில் கொழுந்து எடுத்த காலத்தில் அம்மா ஒல்லி. பிறகு முழங்கால் போய், பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். கொழுந்து எடுக்கும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து தொட்டில் ஆட்டுவது, பிள்ளைகள் வைத்த மிச்சத்தை வீணாக்காமல் சாப்பிடுவது. இப்படி வருகிற கொழுப்பு ஈரலுக்குச் சாராயம் தேவையே இல்லை என்று டொக்டர் சொன்னார். டொக்டரைக் கூட்டிவந்து பீலியில் நிறுத்தவா முடியும்?

இரவு அம்மா பருப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இத மாட்டுக்கு வச்சாலும் மொறைக்கும்." குடித்தார்.

மே 9, சனி

பிடித்துவிட்டேன்.

பாடசாலை இல்லை. மத்தியானம் சூப் எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். வாசலிலேயே ரித்து. மூன்று வயது, மூக்கு எப்போதும் ஒழுகும்.

"அக்கா, ஆயம்மா என் சோத்த அம் பண்ணிருச்சு."

"பொய் சொல்லுது கழுத" என்றார் அம்மா. தாடையில் ஒரு சோற்றுப் பருக்கை. நான் அதையே பார்த்தேன். அம்மா துடைத்தார்.

"உப்பு சரியான்னு பாத்தேன்டி."

"எத்தன புள்ளைக்கு உப்புப் பாத்தீங்க?"

அவ்வளவுதான், வெடித்துவிட்டது. "வெறும் வயித்தோட பதினாலு புள்ளைக்குச் சோறு ஊட்டிப் பாரு! ஒவ்வொன்னும் வாயத் தொறக்குறப்ப என் வாயும் தொறக்குது. நீ ஒரு நாளு இருந்து பாரு, ஒரே ஒரு நாளு. பொறகு வந்து என்னைய மேய்."

தொட்டிலில் ஒன்று அழ ஆரம்பித்தது. பிறகு எல்லாம் சேர்ந்து.

"சரி, இருந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 10, ஞாயிறு

இருந்தேன். பால், முட்டை வெள்ளை, சூப். பத்து மணிக்குத் தலைவலி. மத்தியானம் கை நடுங்கியது. நாலு மணிக்குப் பெரிய அத்தை (அப்பாவின் அக்கா, இதே லயத்து வரிசை வீடுகளில் மூன்று காம்பரா தள்ளி) வீட்டுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கிறேன் என்று போனேன். ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சாப்பிட்டேன், கட்டச் சம்பலோடு. நின்றபடியே.

"தின்னு, தின்னு. நீயும் ஒங்கம்மா மாதிரி கும்முன்னுதான் வர்ற. பொம்பளப் புள்ளைக்கு அது நல்லதுதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா மோந்து பார்த்தார். "சம்பல் வாசம்."

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும். வெகு நேரம் சிரித்தோம், அப்பா தூக்கத்திலிருந்து எழுந்துவந்து பார்க்கும் அளவுக்கு.

பிறகு ஒரு ஏற்பாடு. மத்தியானச் சோறு ஊட்டுவது மற்ற ஆயா பார்வதியக்கா. அந்த நேரம் அம்மா வெளியே துணி அலசுவது. அம்மாவே போய்ப் பார்வதியக்காவிடம் கேட்டுவிட்டு வந்தார். "கேவலமாத்தான் இருந்துச்சு. கேட்டுட்டேன்."

மே 14, வியாழன்

மழை இல்லை. பனிமூட்டம். அம்மாவின் பாவாடை நாடா ஒரு முடிச்சு உள்ளே போயிருக்கிறது. ஈரலும் போயிருக்குமா? வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

சமூகக் கல்விப் பரீட்சை. சுமார்.

கெட்ட கனவு ஒன்று. எழுதப் போவதில்லை.

மே 17, ஞாயிறு

நாளைக்கு விடியற்காலை பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்கு. பை கட்டியாகிவிட்டது.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம். பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போகிறவளை வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. வீட்டுக்கு ஒரு கறி சமைத்துக் கொண்டுவந்து, உட்காரவைத்து, ஊட்டிவிட்டுத்தான் விடுவார்கள். அதையே அம்மாவுக்கும் செய்ய முடிவெடுத்திருக்கிறார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் கேட்டுச் செய்கிற காரியமும் கிடையாது.

ஆறு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய அத்தை. பின்னால் ஆளுக்கொரு சட்டியோடு பெண்கள். கோழிக் குழம்பு, நெய்ச் சோறு, வடை, பாயாசம். பீலியில் சிரித்த அக்காமாரும் வந்திருந்தார்கள். பாயாசம் அவர்களுடையது.

அத்தை: "வயித்தையே வெட்டி எடுக்கப் போறாங்களாம். அதுக்குப் பொறகு எங்க திங்கப் போற? இன்னைக்கு ஆச தீரச் சாப்புடு ராணி."

அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அவர்கள் பாசத்துக்கா, குழம்பு வாசத்துக்கா, தெரியவில்லை. அத்தை சோற்றைப் பிசைந்து உருட்டினார்.

நான் இடையில் போய் நின்றேன். "வேணாம் அத்த."

"ஒரு வாய்டி."

"ஒரு வாயும் கூடாது."

"பெரிய டொக்டரு! தள்ளு அங்குட்டு. கோயில்ல வச்சுக் கும்புட்டு எடுத்தாந்தது."

அம்மாவே சொன்னார்: "ஒரு வாய்தானே பாப்பா. அவுக மனசு நோவும்."

அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். அக்காவுக்கு எதிரே அப்பாவுக்கு வாய் வராது.

அத்தையைப் பார்த்தே சொன்னேன், அம்மா பக்கம் திரும்பாமல், ஒரே மூச்சில். "ஈரல்ல தழும்பு விழுந்துருச்சு அத்த. இப்புடியே போனா கல்லாயிரும். கல்லாயிருச்சுன்னா பொறகு ஒபரேஷனும் செய்ய ஏலாம போயிருமாம். இன்னும் சுருங்கலன்னா நாளாண்டைக்குத் தொளை போட்டுப் பாத்துட்டு அப்புடியே தச்சு அனுப்பிருவாங்க. நீங்க ஊட்டுறது ஈரலுக்குத்தான் போவும்."

ஒருவர் கோழிக் குழம்புச் சட்டியை மூடினார்.

பாயாசக்கார அக்கா மெதுவாக: "குடிக்காமலேயா?"

"குடிக்காமலேதான்."

அத்தையின் கை உருண்டையோடு அப்படியே நின்றது. கீழே போடவும் மனமில்லை. கடைசியில் என் வாயில் திணித்தார். "அப்ப நீ தின்னு." அழுதுகொண்டே தின்றேன். நல்ல ருசி. மற்றவர்களும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா நடுவில் இருந்து சூப் குடித்தார்.

எல்லாரும் போன பிறகு:

"தழும்புன்னு எப்பச் சொன்னாங்க?"

"அன்னைக்கே."

"என் ஈரல் கத லயத்துக்கே தெரிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் கடைசியா எனக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மூச்சைக் கேட்டால் தெரிகிறது, தூங்கவில்லை.

மே 18, திங்கள் (வார்டில்)

பஸ்ஸில் நுவரெலியா வரை அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார், இரவு வேலை முடித்து நேரே ஏறியவர். இறம்பொடை வளைவுகளில் வழக்கமாக அம்மாவுக்கு வாந்தி வரும். இன்றைக்கு வரவும் வயிற்றில் ஒன்றுமில்லை.

அங்கே வைத்துத்தான் சொன்னார்: "இப்பச் சொல்லு. அவுங்க பேசுனது எல்லாத்தையும். ஒன்னு விடாம."

சொன்னேன். கல், கசிவு, ஆள் தவறுவது. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. முன் சீட்டுக்காரர் பாட்டைக் குறைத்துவிட்டுக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"செத்துப்போவேனான்னு கேட்டியா?"

"இல்ல."

"கேளு. கேட்டு, அவுங்க சொல்றத அப்புடியே சொல்லு. எனக்குப் பயமா இருக்கும்னு நீ பயப்படாத. என் பயம் என்னோடது."

சாயங்காலம் டொக்டர் வார்டுக்கு வந்தார். சிங்களத்தில் கேட்டேன். டொக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் வரிக்கு வரி: "சாக மாட்டீங்கன்னு எழுதிக் குடுக்க யாராலயும் ஏலாதாம். ஆனா இது அவுங்க அடிக்கடி செய்ற ஒபரேஷன்தானாம். ஒங்கள மாதிரி ஆளுக்குச் செய்யாம விடுறதுக்குத்தான் அவுங்க அதிகமாப் பயப்படுறாங்களாம்."

அம்மா தலையாட்டினார். "ராத்திரிக்கு நல்லாத் தூங்கிட்டு வரச் சொல்லு அவுங்கள."

அதையும் சொன்னேன். டொக்டர் சிரித்தார்.

என்னைத் துணைக்கு இருக்க விட்டார்கள். அப்பா வெளியே வராந்தாவில். அம்மா இப்போது குறட்டை. பக்கத்துக் கட்டில்காரர் முறைக்கிறார்.

மே 19, செவ்வாய்

உள்ளே கொண்டுபோகும்போது அம்மாவின் தோடு என் கையில். இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் அடையாளம்.

அப்பா மூன்று தேத்தண்ணீர் வாங்கி மூன்றையும் குடிக்காமல் வைத்திருந்தார். ஏன் மூன்று என்று கேட்கவில்லை.

டொக்டர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் சிங்களத்தில். நான் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார், "என்ன பாப்பா, என்ன சொல்றாங்க, சொல்லு!"

"ஈரல் சுருங்கியிருந்துச்சாம்ப்பா. தூக்க முடிஞ்சுச்சாம். கொஞ்சம் கரடுமுரடா இருக்காம், ஆனா கிழியலயாம். சோதிக்க ஒரு சின்னத் துண்டு எடுத்துருக்காங்களாம். ஒபரேஷன் முடிஞ்சிருச்சாம்."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மே 29, வெள்ளி

வீட்டில். காற்று. தகரம் ஒன்று கழன்று அடிக்கிறது.

அம்மாவின் சாப்பாடு இப்போது எல்லாம் தண்ணீர். ஒரு சின்னக் கிண்ணம், ஒரு கரண்டி, கரண்டிக்குக் கரண்டி இடைவெளி. பிள்ளைக்காம்பராவில் ஆறு மாதப் பிள்ளைக்கு முதன்முதல் கொடுக்கிற மாதிரி. "இந்த வேல எனக்குத் தெரிஞ்ச வேலதான்" என்றார் அம்மா. "வாயி மட்டும் மாறிப்போச்சு." நேற்று அவசரப்பட்டு இரண்டு மிடறு சேர்த்து விழுங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாந்தி. எனக்கு உயிரே போய்விட்டது. கசிவோ என்று. வார்டு நம்பருக்குப் போன் பண்ணினேன். காய்ச்சல், வயிற்று வலி, படபடப்பு இருக்கிறதா? இல்லை. அப்படியானால் மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். இருந்தால் உடனே கூட்டிவர வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் மோல்ட் டின்னும் கிரீம் பிஸ்கட்டும் கொண்டுவருகிறார்கள். பெரிய அத்தை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏ, பையில என்னா? காட்டு. சீனியா? ஈரலுக்கு ஆவாது. தழும்பு தெரியுமா தழும்பு? இங்க வச்சுட்டுப் போ."

வைத்ததெல்லாம் அத்தை வீட்டுக்குப் போகிறது.

செப்டெம்பர் 8, செவ்வாய்

நீண்ட நாள் எழுதவில்லை. பரீட்சை, மழை, சோம்பல்.

அம்மாவின் தலைமுடி கொத்துக் கொத்தாகப் போகிறது. சீப்பைக் கழுவி ஒளித்துவைத்தேன். பிறகு எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். அம்மா பார்த்தார், பார்த்துவிட்டு அழுதார். "இதுக்கா போயி வெட்டிக்கிட்டேன்?" கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். இந்த மாதங்களில் கொட்டுமாம், பெரும்பாலும் திரும்ப வளருமாம், முட்டை, மீன், பருப்பு போதவில்லையாம், விற்றமின் குளிசையை விடக்கூடாதாம். சாகும்வரை குளிசை. அம்மா ஒரு வாரமாக விட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. சண்டை. இரவு குளிசை போட்டார்.

சீனிக் குளிசை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.

பீலிச் செய்தி: "ராணியக்கா சீக்காளி மாதிரி ஆயிருச்சு." முன்பு குடிகாரி. பரவாயில்லை. சீக்காளி இன்று கோயில் படி முழுவதும் நிற்காமல் ஏறினார்.

நவம்பர் 24, செவ்வாய்

கண்டி. வெயில், நம்ப முடியாத வெயில்.

ஸ்கேன். விலாவில் வைத்த ஒரு கருவி தட்டுகிறது, ஈரல் எவ்வளவு கல் என்று பார்க்க. அம்மா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

டொக்டர் பேசினார். நான் விடாமல் சொன்னேன். "கொழுப்பு ரொம்பக் கொறஞ்சிருச்சாம். ஈரல் முந்திய விட மெத்துன்னு இருக்காம். தழும்பு முழுசாப் போகலயாம்."

"அது போவுமா? கேளு."

"தெரியாதாம். சிலருக்குக் கொறையுமாம், மெதுவா. ஆனா கல்லாகப் போன பாதைல இப்ப நீங்க போகலயாம். திரும்பச் சோறு, சீனின்னு எறங்குனா மறுபடி அதே பாதைதானாம்."

அம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கி டொக்டரைக் கும்பிட்டார். பிறகு என்னைக் காட்டி: "இவளையும் பாக்கச் சொல்லு. கழுத்துப் பின்னாடி கறுத்துக் கெடக்கு. எனக்கும் ஆரம்பத்துல அப்புடித்தான் கறுத்துச்சு."

நான் டொக்டரிடம் சொன்னேன்: அம்மா நன்றி சொல்கிறார்.

"நன்றின்னா ஸ்தூதி. அது எனக்குத் தெரியும். நான் சொன்னது அது இல்ல."

என் சட்டைக் கொலரை இழுத்தார், பின்னலைத் தூக்கிப் பிடித்தார், சந்தைச் சிங்களத்தில் அவரே சொன்னார்: "டொக்டர், மகே துவ. மெயாகே அக்மாவத் பலன்ன."

என் மகள். இவளுடைய ஈரலையும் பாருங்கள். ஈரலுக்கு அக்மாவ என்று எப்போது பாடமாக்கினார்?

டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எடை பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தைகளில் பேசினார், என்னைப் பார்க்காமல். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்காத மாதிரி சுவரில் இருந்த ஈரல் படத்தைப் பார்த்தேன்.

பஸ்ஸில் அம்மா, கையில் பாதி வாழைப்பழத்தோடு, மீதி என் மடியில்: "நீ கேட்டிருப்ப. இருந்தாலும் நான் சொல்றேன். கொழுப்பு மட்டும் இருந்தா ஒனக்கு ஒபரேஷனெல்லாம் வேணாமாம். சீனிய விட்டு, ரொட்டியக் கொறச்சு, நடந்தாப் போதுமாம். தழும்பு இருந்தா வேற மாதிரிப் பாக்கணுமாம். பாக்காமத் தெரியாதாம். இருக்காதுன்னு நான் சொல்லப் போறதில்ல. எனக்குத் தெரியாது."

எனக்கு ஸ்கேன் அடுத்த வாரம். அம்மா லீவு சொல்லிவிட்டார்.

நாளைக்குப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டோர் வரை நடந்து திரும்ப வேண்டும், இரண்டு பேரும். மழையானாலும். என் குடையில் கம்பி உடைந்திருக்கிறது. அப்பாவுடையதைக் கேட்க வேண்டும்.